பல் போன பின்னர்

பல் போனால் சொல் போச்சு என்பது நம் முன்னோர் வாக்கு. பல்லோடு போகின்ற இன்னொன்றைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. பல்லைத் தாங்கி நின்ற தாடை எலும்பே அது. ஓசையின்றி, வலியின்றிச் சில மாதங்களில் அது கரைந்து ஒடுங்கிவிடுகிறது. அதன்மேல் போர்த்தியிருந்த ஈறும் உடன் தாழ்ந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு நம் மேல்வரிசை முன்பல் ஒன்றின் வேரில் பிளவு கண்டது. அப்பல்லைக் காக்க வழியில்லை என்றாயிற்று. நாம் முதலில் சென்ற மருத்துவ நிலையத்தில், “இன்றே பிடுங்கிவிடலாம்; ஆறு மாதம் கழித்து வாருங்கள், இம்ப்ளாண்ட் பற்றி அப்போது பேசலாம்” என்றனர். நம் மைத்துனர் மகள் பல் மருத்துவம் பயின்று மதுரையில் பணியாற்றுபவள். அன்றிரவு தொலைபேசியில் அவளிடம் இதைச் சொன்னோம். “மாமா, அவசரப்பட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். பல்லை எடுத்த பிறகு அந்தக் குழியை என்ன செய்யப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்” என்றாள். மறுநாள் சென்று கேட்டோம். “குழி தானாக ஆறிவிடும்” என்பதே அங்கு கிடைத்த விடை. விடையில் பொய்யில்லை. ஆனால் எப்படி ஆறும் என்பதல்லவா கேள்வி?

மதுரைக்குச் சென்ற பின்னர் அதனை அவள் விளக்கினாள். பல்லைச் சூழ்ந்த எலும்பு பல்லுக்காகவே உண்டானது. பல் முளைக்கும்போது அதுவும் வளர்கிறது. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்கள் பாலமிட்டு நிற்கின்றன. குழியின் உட்புறத்து எலும்பு அந்நார்களைப் பற்றியே வாழ்கிறது. பல்லை எடுத்ததும் நார்கள் அறுபடுகின்றன. வேலையற்றுப்போன அவ்வெலும்பை உடலே கரைத்துவிடுகிறது. முன்பற்களின் வெளிச்சுவர் பெரும்பாலோர்க்கு ஒரு மில்லிமீட்டர் கனங்கூட இராது. அச்சுவரில் பெரும்பகுதி இவ்வுள்ளெலும்பே ஆதலால் முதலில் சரிவது அதுதான். டென்மார்க் மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கடைவாய்ப் பகுதியில் பல் எடுத்த இடத்தின் அகலம் ஓராண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கக் கண்டனர். அக்குறைவில் மூன்றில் இரு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்ந்துவிட்டதாம். “ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்பதன் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

இம்ப்ளாண்ட் என்பது வேருக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கப்படும் டைட்டானியத் திருகு. டைட்டானியத்தை எலும்பு தன்னோடு பற்றிக்கொள்ளும் என்பதை ஸ்வீடன் நாட்டு பிரோனமார்க் 1952-இல் முயல்களின் கால் எலும்பை ஆராய்கையில் தற்செயலாகக் கண்டார். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் பதித்தார். திருகின் பருமன் சுமார் நான்கு மில்லிமீட்டர். அதனைச் சுற்றி எல்லாப் பக்கமும் எலும்பு வேண்டும். வேலியே விழுந்துவிட்ட இடத்தில் கம்பம் நடுவது எங்ஙனம்? பின்னர் வேறிடத்து எலும்பை எடுத்து ஒட்டவைக்கலாம்தான். ஆனால் அது மற்றோர் அறுவை, மற்றொரு செலவு.

எலும்பு ஒடுங்குவதன் துன்பத்தை நம் வீட்டிலேயே நெடுங்காலம் கண்டிருக்கிறோம். அதன் காரணந்தான் தெரியாதிருந்தது. நம் உம்மாவுக்கு ஐம்பது வயதாகுமுன்னரே பற்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. பிறகு பல்செட் கட்டினார்கள். நான்கைந்து ஆண்டுகளில் அது தளர்ந்தது, வேறு கட்டினார்கள், அதுவும் தளர்ந்தது. செட்டு கட்டியவர்மீது நாம் குறைபட்டுக்கொண்டோம். உண்மையில் செட்டு அப்படியேதான் இருந்தது, அடியிலிருந்த மேடுதான் தேய்ந்துகொண்டே சென்றது. சோற்றைக் குழையப் பிசைந்து உண்டு அவர்கள் சமாளித்தார்கள். ஸுப்ஹுக்குப் பின் குர்ஆன் ஓதும்போதுதான் மனம் நொந்தார்கள். ஸீனும் ஸாதும் ஷீனும் நழுவின. மக்ரஜ் பிசகாமல் ஓதி ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள், பிறர் காதில் விழாதபடி மெல்ல ஓதலானார்கள். இவ்வாறு பற்களை முழுதும் இழந்த முதியோரின் கீழ்த்தாடையில், முன்புறம் இரண்டே இம்ப்ளாண்ட் பதித்து அவற்றின்மேல் செட்டை மாட்டுவதே முதல் தெரிவாக இருக்கவேண்டும் என 2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் கூறினர். உம்மாவின் காலத்தில் இதை நமக்குச் சொல்வார் இல்லை.

குழியைக் காப்பது பல்லை எடுக்கும் முறையிலேயே தொடங்குகிறது. குறடால் பிடித்து ஆட்டி அசைத்து இழுத்தால் வெளிச்சுவர் உடைந்து பல்லோடு வந்துவிடலாம். மெல்லிய தகடு போன்ற கருவியால் நார்களை அறுத்து, இரண்டு மூன்று வேருள்ள பல்லானால் அதனைப் பிளந்து, வேர் வேராக எடுக்கவேண்டும். இதனைக் கேட்டபோது குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி நம் நினைவுக்கு வந்தார். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய ‘தஸ்ரீஃப்’ எனும் மருத்துவப் பெருநூலில், பல்லைப் பிடுங்க விரையாதீர் என்கிறார். பிடுங்கியே ஆகவேண்டுமெனில் ஈற்றைச் சுற்றிலும் விலக்கி, பல்லைச் சிறிது சிறிதாக நெகிழ்த்திய பின்னரே எடுக்கச் சொல்கிறார். அறியாத நாவிதர்கள் வேரை உள்ளே முறித்துவிட்டோ தாடை எலும்பையும் சேர்த்துப் பெயர்த்தோ மக்களை வதைப்பதை எண்ணி அவர் கொண்ட சினம் அவ்வெழுத்தில் தெரிகிறது.

பல்லை எடுத்த பின் குழியைச் சுரண்டித் தூய்மை செய்து, எலும்புத் துகளால் நிரப்பி, மேலே ஒரு மெல்லிய படலமிட்டுத் தைக்கின்றனர். சிலருக்கு மேல்வாயிலிருந்து எடுத்த சிறு ஈறுத் துண்டால் வாயை மூடுவதும் உண்டு. துகள் சாரம் போல நின்று, புது எலும்பு ஊர்ந்து வர இடந்தருகிறது. கரைவதை இது முற்றாக நிறுத்திவிடாது. பெரிதும் குறைக்கும், அவ்வளவே. நான்கு முதல் ஆறு மாதங்களில் அவ்விடம் திருகை ஏற்கப் பதமாகும்.

அத்துகள் எதனால் ஆனது? நம்மவர் கேட்கத் தயங்கும் கேள்வி இதுதான். மாட்டெலும்பைப் பதப்படுத்திச் செய்வது ஒரு வகை. இறந்தோர் வழங்கிய எலும்பிலிருந்து செய்வது மற்றொரு வகை. பன்றியின் எலும்பிலிருந்தும் செய்கின்றனர். மேலே இடும் கொலாஜன் படலங்களுள் பெயர்பெற்ற சில பன்றித் தோலிலிருந்து வருபவை. மருத்துவர் இதனை மறைக்கிறார் என்பதன்று. நாம் கேட்டாலன்றி அவருக்குச் சொல்லத் தோன்றுவதில்லை. மருத்துவத் தேவை, பொருள் தன் இயல்பு மாறிவிடுதல் ஆகியவற்றைக் கொண்டு ஆலிம்கள் இதுபற்றி விரிவாகப் பேசியிருக்கின்றனர். அந்தத் தீர்ப்பு அவர்களுடையது. நம் எண்ணமெல்லாம், மாற்றுப் பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது அவ்வாதத்திற்குள் ஏன் புகவேண்டும் என்பதே. கால்சியம் பாஸ்பேட்டால் ஆன செயற்கைத் துகள்கள் உண்டு. நம் கையிலிருந்தே சிறிது இரத்தம் எடுத்துச் சுழற்றி, அதில் திரளும் ஃபைப்ரினைப் படலமாக்கி மேலே இடுவதும் உண்டு. 2001-இல் பிரான்சில் வெளிவந்த முறை இது. நாம் இவ்விரண்டையும் கேட்டுப் பெற்றோம். “முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று, வரவழைத்து வைக்க முடிந்தது” என்றார் மருத்துவர். மயக்க ஊசி போட்ட பின் கேட்டிருந்தால், கையில் இருப்பதைத்தான் வைத்திருப்பார்.

அதன்பின் குழியில் உறையும் இரத்தக் கட்டியைக் காக்கவேண்டும். முதல் நாள் துப்பவோ, வாய் கொப்பளிக்கவோ, உறிஞ்சிக் குடிக்கவோ கூடாது. புகையும் வெற்றிலை பாக்கும் விலக்கப்படவேண்டும். நீரிழிவு உள்ளவர் அதனைக் கட்டுக்குள் கொண்டுவந்த பின்னரே நாற்காலியில் அமரவேண்டும். ஒளுவுக்கு என் செய்வது என ஐயுற்றோம். ஒளுவில் வாய் கொப்பளிப்பது ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் ஸுன்னத்தே, எனவே ஓரிரு நாள் விடுவதில் இடரில்லை என நம் பள்ளி இமாம் தெளிவித்தார். கடமையான குளிப்பில் வாயினுள் நீர் செலுத்துவது ஹனஃபிகளுக்கு ஃபர்ளு. ஆதலால் அத்தகையோர் தம் ஆலிமை முன்பே கேட்டு, நாளைத் தேர்ந்துகொள்வது நலம்.

ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே குறைந்திருந்தது. திருகு பதித்தார்கள். பக்கத்துப் பற்களுக்கிடையே ஈறு சரியாமல் கூம்பாகவே நின்றமையால், பின்னர் வைத்த பல் இயற்கைப் பல்லினும் நீண்டு தோன்றவில்லை.

பிடுங்கும் பல் ஒவ்வொன்றுக்கும் இவ்வேற்பாடு தேவை என்று எவரும் சொல்லவில்லை. ஞானப்பல்லை எடுப்போர் அவ்விடத்தில் வேறு பல் வைப்பதில்லை. அவர்களுக்கு இச்செலவு வீண். கனத்த சுவருள்ள குழியில் அன்றே திருகைப் பதித்துவிடும் மருத்துவர்களும் உளர். சீழ் மிகுந்திருந்தால் முதலில் அதனை ஆற்றிவிட்டுச் சில வாரங்கள் பொறுப்பர். எலும்பு வலுவுக்கென மருந்து உட்கொள்ளும் முதிய பெண்கள் அம்மருந்தின் பெயரைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் கூறவேண்டும். அவற்றுட் சில, பல் எடுத்த குழியை ஆறவிடாமல் தாடை எலும்பையே கெடுத்துவிடக்கூடியவை.