இழப்பால் பெயர் பெற்றவை

முனைவர் பட்ட ஆய்வுக்காக உயிரியல் கலைச்சொற்களைத் தொகுத்து வருகிறேன். சென்ற மாதம் துறைக் கருத்தரங்கில், பழ ஈயின் 'பிரெத்லெஸ்' மரபணுவை 'மூச்சை நிறுத்தும் மரபணு' என்று விளக்கினேன். எவரும் மறுக்கவில்லை. அன்றிரவு விடுதியில் என் பட்டியலைப் படித்த உயிரியல் தோழிதான், "நேர்மாறாக எழுதியிருக்கிறாய், அது மூச்சுக்குழலை உருவாக்க உதவுவது" என்றாள்.

பழ ஈக்கு நுரையீரல் இல்லை. கிளைத்த குழல்களே உடலெங்கும் காற்றைக் கொண்டு செல்கின்றன. கருவின் ஒவ்வொரு பக்கத்திலும் 10 உயிரணுத் திரள்கள் தோன்றுகின்றன. ஒவ்வொரு திரளிலும் ஏறத்தாழ 80 உயிரணுக்கள். இவை மூச்சுக்குழல் ஆக வேண்டியவை என்பதை 'டிராக்கியாலெஸ்' மரபணு வரையறுக்கிறது. திரள்கள் உள்மடிந்து பைகளாகின்றன. அருகிலுள்ள உயிரணுக்கள் 'பிராஞ்ச்லெஸ்' மரபணுவின் புரதத்தைச் சுரக்கின்றன. அதை உணரும் ஏற்பியே 'பிரெத்லெஸ்' தருவது. சைகை வரும் திசை நோக்கி உயிரணுக்கள் நகர, கிளைகள் நீள்கின்றன. உள்மடிந்தபின் அவை பிரிந்து பெருகுவதில்லை. இருப்பவையே இடம்பெயர்ந்தும் வடிவம் மாறியும் குழலாகின்றன.

அவ்வாறாயின் பெயர்கள் ஏன் இன்மையைச் சொல்கின்றன? மரபணு பழுதுபட்ட கருவில் கண்ட குறையே அதன் பெயராயிற்று. 'தளிர்ப்பது' என்று பொருள்படும் 'ஸ்பிரௌட்டி'யின் பணியோ கிளைகள் மிகாமல் அடக்குவது. அது இல்லாதபோதுதான் கிளைகள் மிகுகின்றன.

இம்முறை எனக்குப் புதிதன்று. 'மரம்', 'மறம்' ஆகிய சொற்களில் ஓர் ஒலியை மட்டும் மாற்றிப் பொருள் மாறுவதைக் கண்டே ரகரமும் றகரமும் வெவ்வேறு ஒலியன்கள் என்று நிறுவுகிறோம். ஒன்றை மாற்றி, மாறியதிலிருந்து அதன் பணியை அறிவது என் முதுகலை வகுப்பின் முதல் பாடம். அதையே மறந்து, பெயரின் சொற்பொருளைப் பணியாகக் கொண்டுவிட்டேன்.

பட்டியலை மீண்டும் பார்த்தபோது, பெயரை மட்டும் நம்பி எழுதிய பதிவுகள் 17 இருந்தன. அந்த இயல் நிறைவுற்றதென நெறியாளர் முன்பே ஒப்புதல் தந்திருந்தார். இரண்டு நாள் தயங்கினேன். ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்ற எண்ணமும் எழுந்தது. ஆனால் இப்பட்டியலை நம்பித் தமிழில் உயிரியல் படிக்கப்போகும் மாணவருக்கு, மூச்சைத் தருவது மூச்சை நிறுத்துவதாகவே பதிந்துவிடும். நெறியாளருக்கும் கருத்தரங்கில் இருந்தோர்க்கும் திருத்தத்தை நேற்று அனுப்பினேன். இயலை மீண்டும் எழுதுகிறேன்.

உங்கள் துறையிலும் இவ்வாறு இழப்பால் பெயர் பெற்ற சொற்கள் இருப்பின் தெரிவியுங்கள். பெயரோடு பணியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.