பெட்டிக்குள் தமிழ்

கணினியைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகுந்தால், ‘இவருக்கு ஏன் இந்த வேலை?’ என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நம் மொழியின் நிலையை ஒரு கருவி நமக்கே எடுத்துக்காட்டுமானால், அதனைப் பற்றிப் பேசும் உரிமை மொழியாசிரியருக்கும் உண்டன்றோ?

நான் சொல்ல வந்த கருவியின் பெயர் ‘டாக்கர்’. கருந்திரையில் கட்டளைகளைத் தட்டெழுதி இயக்கப்படும் கருவி அது. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் சான்டா கிளாரா நகரில் நடைபெற்ற பைத்தான் நிரல்மொழி மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் என்பவர் சில நிமிடங்களே நீடித்த உரையொன்றில் அதனை அறிமுகப்படுத்தினார்.

அதன் அடிப்படைக் கருத்து சிங்கப்பூரில் வாழும் நமக்குப் புதிதன்று. 1972ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தஞ்சோங் பகார் முனையத்திற்கு முதல் கொள்கலன் கப்பல் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னெல்லாம் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று சரக்குகள் தனித்தனியே ஏற்றி இறக்கப்பட்டன. கொள்கலன் வந்தபின், உள்ளே இருப்பது தேயிலையா, இயந்திரமா என்று பாரந்தூக்கி பார்ப்பதில்லை. அதற்குப் பெட்டியின் அளவு ஒன்றே போதும். டாக்கரும் அவ்வாறே ஒரு செயலியையும், அது இயங்குவதற்கு வேண்டிய துணைப்பொருள்களையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிடுகிறது. இயங்குதளத்தின் கருவை மட்டும் கணினியோடு பகிர்ந்துகொண்டு, மற்றவற்றைப் பெட்டி தன்னுடனேயே கொண்டு செல்கிறது.

இத்தகைய ஏற்பாடு எதற்கு? ‘என் கணினியில் ஓடுகிறதே!’ என்பது நிரலாளர்கள் அடிக்கடி சொல்லும் சொல். தம் வீட்டு அடுப்பில் அருமையாகச் சமைப்பவர், அயல் வீட்டுச் சமையலறையில் புளி எங்கே, பெருங்காயம் எங்கே என்று தேடித் தடுமாறுவதில்லையா? செயலிகளின் நிலையும் அதுதான்.

என் முன்னாள் மாணவர் ஒருவர், தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கான சொற்பயிற்சித் தாள்களைத் தயாரித்து அச்சுக்கு அனுப்பும் சிறு செயலியொன்றை எழுதினார். அவருடைய மடிக்கணினியில் அது நன்றாகவே இயங்கியது. ஒரு பள்ளியின் கணினியில் ஏற்றியபோதோ, எண்களும் ஆங்கிலத் தலைப்பும் ஒழுங்காக வந்தன. தமிழ்ச் சொற்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்களாக நின்றன. எழுத்துகள் முறையான யூனிகோடு குறியீட்டிலேயே இருந்தன. அவற்றை வரைந்து காட்டும் எழுத்துருதான் அக்கணினியில் இல்லை.

பின்னர் அவர் டாக்கரை நாடினார். டாக்கருக்கு வழிகாட்டுவது ‘டாக்கர்ஃபைல்’ என்னும் எளிய உரைக்கோப்பு. எந்த அடித்தளத்தின் மீது கட்டுவது, எவற்றை நிறுவுவது, எந்தக் கோப்புகளைப் படியெடுப்பது, முடிவில் எதனை இயக்குவது என்று அதில் வரிவரியாக எழுத வேண்டும். ‘டாக்கர் பில்ட்’ என்று தட்டினால், அக்குறிப்பின்படி ஒரு படிமம் உருவாகும். ‘டாக்கர் ரன்’ என்றால் அப்படிமம் கொள்கலனாக உயிர்பெற்று இயங்கும். ‘டாக்கர் புஷ்’ என்றால் படிமம் பொதுக் களஞ்சியத்திற்குச் சென்று சேரும். பிற கணினிகள் அங்கிருந்து அதனைப் பெற்றுக்கொள்ளலாம்.

அவர் முதன்முறை கட்டி இயக்கியபோது நான் அருகில் இருந்தேன். அவருடைய சொந்த மடிக்கணினியிலேயே வெற்றுக் கட்டங்கள் தோன்றின! கணினியில் தமிழ் எழுத்துரு இருந்தது, பெட்டிக்குள் இல்லை. பெட்டி, தான் இருக்கும் வீட்டின் பொருளைக் கேளாமல் எடுத்துக்கொள்வதில்லை. பள்ளியில் பிள்ளைகளின் முன் வெளிப்பட்ட குறை, இப்போது ஆக்கியவரின் மேசையிலேயே வெளிப்பட்டுவிட்டது. இக்கருவியின் பெரும் பயன் இதுவே என்பேன்.

அவர் குறிப்பில் ஒரு வரியைச் சேர்த்தார்: ‘லோகித் தமிழ்’ எழுத்துருவை நிறுவுக என்னும் கட்டளை. மீண்டும் கட்டினார், இயக்கினார். ‘அம்மா’ என்ற சொல் தெளிவாகத் திரையில் எழுந்தது. அதே படிமம் பள்ளிக் கணினிக்குச் சென்றபோதும் அவ்வாறே எழுந்தது.

இதில் எவருடைய வஞ்சமும் இல்லை. அடித்தளப் படிமம் சிறிதாக இருக்க வேண்டும் என்று கருதிப் பலவற்றை நீக்கியவர்கள் தமிழைப் பகைத்தவர்கள் அல்லர். கேட்பவர்க்கு வழங்க, இலவச எழுத்துரு களஞ்சியத்தில் காத்துக்கொண்டுதான் இருந்தது. பெயர் சொல்லிக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது; அவ்வளவே.

இங்கே தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. அதனாலேயே, அது எங்கும் தானாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். வீட்டில் இருக்கும் என்று பள்ளியும், பள்ளியில் இருக்கும் என்று வீடும் எண்ணிக்கொள்கின்றன. இடையில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைப்பதோ வெற்றுக் கட்டம்! அவர்களை நொந்து பயனில்லை. உணவு மேசையில் அரைமணிநேரத் தமிழ்ப்பேச்சு, உறங்குமுன் ஒரு கதை என்று, வேண்டியதை வெளிப்படையாகக் குறித்துவைக்கும் வீட்டில் தமிழ் இருக்கும். இருக்கும் என்று வெறுமனே நம்பும் வீட்டில் அது இராது.

அந்தக் குறிப்புக் கோப்பை அச்சிட்டு என் வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பத்து வரிகளுள் தமிழுக்கென்று இருப்பது ஒரே வரி. அதை யார் எழுதுவது என்று மாணவரைக் கேட்பேன். ‘தேவைப்படுகிறவர்தான், ஐயா’ என்றாள் ஒரு மாணவி. அதற்குமேல் விளக்கம் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.