விசுவமடுவில் ஒரு மஞ்சள் பாத்தி

 

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பாதையில் கிழக்கே திரும்பினால், தருமபுரத்தைக் கடந்து நெத்தலியாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் விசுவமடு வந்துவிடும். கிளிநொச்சி மாவட்டம் முடிந்து முல்லைத்தீவு மாவட்டம் தொடங்கும் எல்லை ஊர் அது. என் துணைவியாரின் பூர்வீகம் தண்ணீரூற்று. யாழ்ப்பாணத்தில் ஒரு நிகாஹ் மஜ்லிஸை முடித்துக்கொண்டு அங்கே போகும் வழியில், "விசுவமடுவில் இறங்கிப் போவோமா? வாப்பாவின் கூட்டாளி வீடு அங்கேதான் இருந்தது" என்று அவர் கேட்டார். மாசி மாதத்து வெயில். றெட்பானா சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஒரு காலத்தில் இங்கே பணிசெய்த நோர்வே நாட்டுச் சிறுவர் தொண்டு நிறுவனத்தின் பெயர் மக்கள் வாயில் உருண்டு உருண்டு ஒரு சந்தியின் பெயராகவே நிலைத்துவிட்டது!

இந்த ஊரின் கதை மிளகாயோடு தொடங்குகிறது. 1960களில் படித்த வாலிபர்களுக்குக் காணி கொடுத்துக் காடு வெட்டிக் குடியேற்றிய திட்டங்களில் ஒன்று விசுவமடு. 1970களில் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் வன்னி மண்ணில் காசு விளைந்தது. என் மாமனார் அந்தக் காலத்தில் இங்கே மிளகாய் வாங்கி லொறியில் ஏற்றிய வியாபாரி. 1977க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்ததும் விலை விழுந்தது. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் கையில் ஒரு துணிப்பையோடு புத்தளம் வந்து சேர்ந்தார். 2009இன் தொடக்கத்தில் போர் விசுவமடுவின் மேலாகவே நடந்து போனது. அந்த இரண்டு துயரங்களையும் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது. மாமனாரும் அவருடைய கூட்டாளியும் இப்போது உயிருடன் இல்லை. கூட்டாளியின் மனைவி இருக்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும்.

"ஆர் பிள்ளை? ஓ, காக்காட மகளோ! வாங்கோ, வெயிலுக்கை நிக்காதேங்கோ" என்று என் துணைவியாரைக் கட்டிப்பிடித்து அழுதார் அந்தத் தாய். ளுஹர் நேரமாகிவிட்டதை நான் சொல்லாமலே அறிந்து, கிணற்றில் தண்ணீர் அள்ளித் தந்து, கழுவி வைத்திருந்த புதுப்பாயை விறாந்தையில் விரித்து, "உங்கட மாமாவும் இதில நிண்டுதான் தொழுறவர், தம்பி" என்றார். தொழுதபின் பிளேன்டீயும் அவித்த கச்சானும் வந்தன.

கிணற்றடியில் வாழைகளுக்கும் தென்னைகளுக்கும் நடுவே நீளமான மூன்று பாத்திகள். இலைகள் பழுத்துக் காய்ந்து நிலத்தில் சாய்ந்து கிடந்தன. "மஞ்சள். இலை காய்ஞ்சால்தான் கிழங்கு முத்தினது எண்டு அர்த்தம்" என்று சொல்லி, மண்வெட்டியை என்னிடம் தரமறுத்துத் தாமே ஒரு முடியைக் கிளறி எடுத்தார். ஈரமண் வாசமும் மஞ்சள் வாசமும் சேர்ந்து எழுந்தன. கிழங்கை ஒடித்தால் உள்ளே செம்மஞ்சள் நிறம்! சித்திரை, வைகாசியில் நட்டால் எட்டு ஒன்பது மாதத்தில் கிண்டலாம். கிண்டிய கிழங்கைக் கழுவி, மெதுவாகும்வரை அவித்து, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயவைத்து, தேய்த்துத் தோல் நீக்கி இடிக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். கடையில் ஒரு பக்கற்றைக் கையில் எடுக்கும்போது இந்த உழைப்பை நாம் நினைப்பதில்லை.

அவர் மஞ்சள் நட்டது 2020ஆம் ஆண்டில். உங்களுக்கு நினைவிருக்கும். இறக்குமதி நிறுத்தப்பட்டது, கிலோ சில நூறு ரூபாயாக இருந்த மஞ்சள் பல ஆயிரமாக ஏறியது. நம் கற்பிட்டிக் கரையிலும் மன்னார்க் கரையிலும் இந்தியாவிலிருந்து கள்ளமாக வந்த மஞ்சள் மூட்டைகளைக் கடற்படையினர் பிடித்தார்கள். தங்கம் கடத்துவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். மீன்கறிக்குப் போடும் மஞ்சளைக் கடத்தும் காலமும் வந்தது! கடைத்தூளில் அரிசிமாவும் நிறமும் கலந்தார்கள். மாவாவது வயிற்றோடு போய்விடும். பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளபளப்பூட்ட ஈயக் குரோமேற்று என்ற நிறப்பொடியைப் பூசிவந்தார்கள். அந்த ஈயம் கர்ப்பிணிகளின் இரத்தத்திலும் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டு 2019இல் வெளியிட்டார்கள். அரசாங்கம் சந்தைகளில் இறங்கி அபராதம் விதித்துக் கடுமையாக நடந்துகொண்டதால் இரண்டே ஆண்டுகளில் அந்தக் கலப்படம் அங்கே ஏறத்தாழ ஒழிந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால்தான் சொல்கிறேன், முடிந்தவரை முழுக் கிழங்காக வாங்கி வீட்டிலே இடியுங்கள். கண்ணைப் பறிக்கும் பளீர் மஞ்சளைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

பேச்சுவாக்கில் அந்தத் தாய் கேட்டார்: "தம்பி, நீங்கள் படிச்ச ஆள். மஞ்சள் குடிச்சால் எல்லா வருத்தமும் மாறும் எண்டு பேரன் போனில காட்டுறான். உண்மையோ?"

என் துணைவியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் பொருளை உங்களிடம் மறைக்கக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் பெண்கள் மஜ்லிஸ் ஒன்றில் நான் பயான் செய்தேன். நபிமருத்துவம் தலைப்பு. தேனையும் கருஞ்சீரகத்தையும் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவன், உற்சாகத்தில் மஞ்சளையும் அதே வரிசையில் சேர்த்து, "இது எல்லா நோய்க்கும் நிவாரணம்" என்று பேசிவிட்டேன். திரைக்கு அப்பால் என் ராத்தாவும் இருந்தார். அவருக்கு முழங்கால் நோவு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் அனுப்பிய மஞ்சள் குளிசைப் போத்தல் வீட்டில் இருந்தது. தம்பி மௌலவியே சொல்லிவிட்டானே என்று தினமும் விழுங்கினார். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சாப்பாடு வெறுத்தது, சிறுநீர் தேயிலைச் சாயமாயிற்று, கண் மஞ்சளித்தது. செங்கமாரி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டொக்டர் என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று மூன்று தடவை கேட்டும் ராத்தா குளிசையைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணமில்லை. மஞ்சளை மருந்து என்று அவர் நினைக்கவே இல்லை! நான்காம் நாள் மருமகள் அந்தப் போத்தலைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. குளிசையை நிறுத்தியதும், அல்ஹம்துலில்லாஹ், மெல்ல மெல்ல ஈரல் தேறியது.

மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்தால் அதனால் வரும் கேட்டுக்கு அவனே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதை எத்தனையோ முறை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கே சொல்லப்பட்டதாகத் தெரிந்தது. சகோதரிகளே, மஞ்சளை மருந்தென்று சொல்லும் ஆதாரபூர்வமான ஹதீஸ் எதுவும் இல்லை. குர்ஆனில் இஞ்சி வருகிறது, 76ஆம் அத்தியாயத்தில், சுவர்க்கத்துப் பானமாக. மஞ்சள் வரவில்லை. ஆனால் மஞ்சளின் பெயரில் அரபு இருக்கிறது. அரபியில் குர்கும் என்ற சொல் முதலில் குங்குமப்பூவைக் குறித்தது. பிறகு மஞ்சளுக்கும் வந்தது. அதிலிருந்துதான் ஐரோப்பியர் குர்குமா என்று செடிக்கும், குர்குமின் என்று அதிலுள்ள நிறச்சத்துக்கும் பெயரிட்டார்கள். 1815இல் அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1910இல் அதன் வேதியியல் அமைப்பைக் கண்டார்கள்.

ராத்தா வீடு திரும்பிய பிறகு, விஷயம் தெரிந்த ஒரு டொக்டரிடம் உட்கார்ந்து இதைப் பாடமாகவே கேட்டேன். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவுதான். ஒரு தேக்கரண்டித் தூளில் நூறு மில்லிகிராம்கூட வராது. 500 மில்லிகிராம் குளிசை ஒன்று ஐந்து தேக்கரண்டித் தூளுக்குச் சமம். இன்னொன்று, குர்குமின் தண்ணீரில் கரையாது. தின்றாலும் இரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம். 1998இல் பெங்களூர் புனித ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச்சத்தான பிப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேரும் அளவு ஏறத்தாழ இருபது மடங்கு கூடியது. அன்றிலிருந்து குளிசைக் கம்பனிகள் மிளகுச்சத்தைச் சேர்த்து அதையே விளம்பரம் செய்கின்றன. அந்தப் பெருமைக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது. 2019இல் இத்தாலியில் இத்தகைய குளிசை எடுத்த பலருக்கு ஈரல் அழற்சி வந்தது. 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலோரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்களும், பித்தக்கல் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

கறிச் சட்டியிலுள்ள மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். அந்தத் தாய் சொன்னார்: "நாங்கள் பிள்ளைப்பெறு வீட்டில சரக்குக் கறி வைக்கிறனாங்கள். மஞ்சள், மிளகு, மல்லி, சீரகம், உள்ளி, வேர்க்கொம்பு." நம் வீடுகளிலும் அதே சரக்குத்தான், அதே அம்மிதான். எத்தனை தலைமுறைப் பெண்கள் மஞ்சளையும் மிளகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைத்திருக்கிறார்கள்! ஆனால் அவர்கள் அதைக் கரண்டிக் கணக்கில் விழுங்கவில்லை.

அப்படியானால் இரத்தத்தில் சேராத குர்குமின் எங்கே போகிறது? பெருங்குடலுக்கு. அங்கேதான் அல்லாஹ்வின் ஓர் அற்புதம் இருக்கிறது. மனித உடம்பில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016இல் கணக்கிட்டார்கள். நம் சொந்த உயிரணுக்களே 30 இலட்சம் கோடிதான். அத்தனையையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் இருக்கும். நமக்குச் செரிக்காத நார்ப்பொருளை அவை தின்று, குடல் சுவருக்கு உணவாகும் அமிலங்களைச் செய்து தருகின்றன. குர்குமினையும் அவை சும்மா விடுவதில்லை. நம் குடலில் வாழும் ஈ-கோலை என்ற பக்டீரியா குர்குமினை வேறொரு பொருளாக மாற்றுகிறது என்று 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதேபோல் குர்குமினும் அந்தப் பக்டீரியாக் குடியிருப்பை மாற்றுகிறது. சிலவற்றைக் கூட்டுகிறது, சிலவற்றைக் குறைக்கிறது. எலிகளில் இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. மனிதரில் 2018இல் அமெரிக்காவில் முப்பது பேரை வைத்துச் சிறிய ஆய்வொன்று செய்தார்கள். ஆளுக்கு ஆள் விளைவு வேறுபட்டது. ஒரே மஞ்சள், ஒரே அளவு. உள்ளே இருக்கும் குடியிருப்பு வேறு!

இதை நான் சொன்னபோது அந்தத் தாய் சிரித்தார். "மண்ணும் அப்பிடித்தான் தம்பி. ஒரே விதைக்கிழங்கு, பக்கத்து வளவில பழுதாப் போச்சு. நான் மாட்டெரு போட்டனான்."

நல்ல செய்தியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2023இல் தாய்லாந்தில் 206 நோயாளிகளுக்கு, காரணம் தெரியாமல் வரும் வயிற்றெரிவுக்கும் செரியாமைக்கும் குர்குமினையும் ஒமெப்ரசோல் குளிசையையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒரேயளவு சுகம் தந்தன. ஆனால் வெற்றுக் குளிசை மட்டும் கொடுத்து ஒப்பிட்ட பிரிவு அதில் இருக்கவில்லை. புற்றுநோய், ஞாபகமறதி என்று போனில் வருகிறதே, அதெல்லாம் பெரும்பாலும் சோதனைக் குழாயிலும் எலியிலும் நின்றுபோன கதைகள். 2017இல் வேதியியலாளர்கள் சிலர் இதுவரை நடந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, குர்குமின் நிலையில்லாத பொருள், ஆய்வுகளையே ஏமாற்றக்கூடியது என்று எழுதிவிட்டார்கள்.

குடலின் குடியிருப்பை வளர்க்க விலையுயர்ந்த போத்தல் தேவையில்லை. தவிட்டோடு கூடிய சிவப்பரிசி, பருப்பு, முருங்கையிலை, வாழைப்பொத்தி, கட்டித் தயிர் போதும். தடிமனுக்கெல்லாம் பக்கத்துக் கடையில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது கெட்டதோடு நல்லதையும் அழிக்கும். கைக்குழந்தை உள்ள சகோதரிகள் இதைக் கவனியுங்கள்: தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. அவை குழந்தைக்குச் செரிக்காது. குழந்தையின் குடலிலுள்ள நல்ல பக்டீரியாக்களுக்கென்றே அவை வருகின்றன! பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகளைச் சொல்கிறது. அந்த வசனத்துக்குத் தப்ஸீர் படித்த காலத்தில் எனக்கு இந்த விஷயம் தெரியாது.

அஸர் நேரம் நெருங்கியது. புறப்படும்போது அந்தத் தாய் இடித்த மஞ்சளில் ஒரு சுண்டு அளந்து, பேப்பரில் சுற்றி என் துணைவியாரிடம் கொடுத்தார். கூடவே முளை கண்ட ஐந்து விதைக்கிழங்கு. காசு கொடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, "உங்கட மாமா எனக்கு இன்னும் அரை மூடை மிளகாய்க் காசு தரவேணும். அதோட சேர்த்து மறுமையில வாங்கிக்கொள்ளுறன்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவா என்று தெரியவில்லை. கடன் கடன்தான் என்று அடுத்த மாதமே மாமனார் பெயரில் பணம் அனுப்பினோம்.

புத்தளத்தில் ராத்தா அந்தப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "இதச் சாப்பிடலாமா தம்பி?" என்று கேட்டார். "கறிக்குப் போடுங்க, ராத்தா. கிளினிக்குக்குப் போனால் டொக்டரிட்டயும் சொல்லுங்க" என்றேன். ஐந்து கிழங்கையும் கிணற்றடி மணலில் எரு கலந்து ஊன்றினார். இரண்டு முளைத்திருக்கின்றன.