ஆத்தூரில் ஒரு மின்சாரப் பாடம்

"ஆத்தூருக்குப் போகிறோம்" என்று யாரிடமாவது சொன்னால், "எந்த ஆத்தூர்?" என்ற கேள்வி உடனே பிறக்கும். சேலத்துக்குக் கிழக்கே வசிஷ்ட நதிக் கரையில் ஓர் ஆத்தூர் இருக்கிறது. வெற்றிலைக்குப் பெயர்போன மற்றோர் ஆத்தூர் தூத்துக்குடி ஜில்லாவில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. ஆறு உள்ள ஊர் ஆற்றூர். ஆற்றூர் என்பது நம் ஜனங்களின் வாயில் புகுந்தால் ஆத்தூர். நாம் சொல்லப்போகும் ஆத்தூரோ திண்டுக்கல் ஜில்லாவைச் சேர்ந்தது.

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பின்னே விட்டுத் தென்மேற்காகச் செம்பட்டி வழியே சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடும். இருபுறமும் தென்னந்தோப்புகள், எதிரே கொடைக்கானல் மலைத்தொடர். அதன் அடிவாரத்தில், குடகனாற்றின் தலைமாட்டில், காமராஜர் நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் முழு நீர்மட்டம் 23.5 அடிதான். மேட்டூரையும் வைகை அணையையும் பார்த்தவர்கள் 'இவ்வளவுதானா?' என்று கேட்கக்கூடும். ஆனால் திண்டுக்கல் நகரத்தின் குடிநீர் ஆதாரங்களில் இதுவும் ஒன்று. ஆகவே திண்டுக்கல் வாசி எவரும் இந்தச் சிறிய அணையைச் சிறியது என்று சொல்லத் துணியமாட்டார்.

இவ்வூருக்கு வருகிறவர்கள் அணையைப் பார்ப்பார்கள், மலையைப் பார்ப்பார்கள், கரையில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். நாம் பார்க்கச் சென்றது ஒரு மனிதரை. முப்பது வருஷ காலம் ஒரு நகரசபையில் ஒயர்மேன் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்றபின் சொந்த ஊரான ஆத்தூருக்கே திரும்பிவிட்ட நண்பர் அவர். எண்ணற்ற தெருவிளக்குகளும் தண்ணீர் மோட்டார்களும் அவர் கையால் உயிர் பெற்றவை. நம் வகுப்பில் மின்சாரத்தைப் பற்றிப் பாடம் நடத்தி வருகிறோமே, அந்த மின்சாரத்தோடு நேருக்கு நேர் பழகியவர் என்ன சொல்கிறார் என்று கேட்க ஆசை.

நகரசபைக்குத் தெருவிளக்குப் போடும் கடமை மின்சாரத்தினும் பழையது. திண்டுக்கல் நகரசபை ஏற்பட்டது 1866-ம் வருஷத்தில். 2014-ல் அது மாநகராட்சியாக உயர்ந்தது. 1866-ல் எடிஸனுடைய விளக்கே பிறக்கவில்லை. அது பிறந்தது 1879-ல்தான். அக்காலத்தில் நம் ஊர்களில் தெருவிளக்கு என்றால் எண்ணெய் விளக்கு. மாலையில் ஏணியும் எண்ணெயுமாக ஓர் ஆள் கம்பம் கம்பமாக ஏறி இறங்குவான். 1905-ல் பெங்களூர்த் தெருக்களில் மின்சார விளக்கு எரிந்தது. நம் பக்கத்தில் பைகாரா மின்நிலையம் 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் வேலை தொடங்கின. அருவிகளின் பலம் கம்பி வழியே ஊர்களுக்கு வந்தது. எண்ணெய்க் குடம் மறைந்தது. ஏணி மட்டும் மறையவில்லை.

மாலை வேளையில் நண்பர் நம்மை ஊருக்குள் அழைத்துச் சென்றார். ஒரு கம்பத்தின் கீழ் நின்று, "மேலே எத்தனை கம்பி இருக்கிறது, எண்ணுங்கள் ஸார்" என்றார். எண்ணினோம், ஐந்து.

"மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். ஐந்தாவது தெருவிளக்குக்கு என்று தனிக் கம்பி. சாயந்தரம் ஸ்விட்ச் போட்டால் இந்தக் கம்பிக்கு மின்சாரம் வரும். காலையில் நிறுத்தினால் போய்விடும். பகலில் ஒருவன் கம்பத்தில் ஏறுகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். விளக்கு எரியவில்லை. பயமில்லை என்றுதானே நினைப்பான்? அணைந்தது அந்த ஒரு கம்பிதான். பக்கத்திலேயே மூன்று கம்பிகள் விழித்துக்கொண்டே இருக்கின்றன. விளக்கு அணைந்தாலும் கம்பம் அணைவதில்லை, ஸார்."

அந்த வார்த்தை நம் மனத்தில் தைத்தது. எவ்வளவு மின்சாரம் மனிதனைக் கொல்லும் என்று நம் மாணவர்கள் கேட்பதுண்டு. 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எரியும்போது ஏறக்குறைய 260 மில்லியாம்பியர் ஓடுகிறது. வீடுகளில் உயிர் காக்க வைக்கும் தானியங்கி ஸ்விட்ச், 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. அதற்குமேல் போனால் இதயத்துக்கு ஆபத்து. அதாவது, ஒரு சிறு பல்புக்கு வேண்டியதில் எட்டில் ஒரு பங்கே மனிதனுக்கு அபாயமாகப் போதும்!

கம்பமும் கம்பியும் பெரும்பாலும் மின்வாரியத்தினுடையவை. விளக்கு மாத்திரம் நகரசபையினுடையது. ஆகவே கம்பிக்கு அருகில் வேலை செய்யுமுன் வாரியத்தாரிடம் 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். இன்ன இடத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்டது, இன்னார் வேலை செய்கிறார், இன்ன நேரம் என்று பதிவாக வேண்டும். வேலை முடிந்ததும், வாங்கியவர் எவரோ அவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறொருவர் வந்து "வேலை முடிந்துவிட்டது, போடுங்கள்" என்றால் செல்லாது. மேலே இருப்பவனின் உயிர் அந்த ஒரு விதியில் தொங்குகிறது.

நகரசபையின் சொந்த ஸ்விட்ச் பெட்டியாக இருந்தால் நண்பருடைய முறை வேறு. மெயினை இறக்கியவுடன் பெட்டியில் ஒரு பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாராம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை நேயர்கள் அறிவார்கள். பணப் பெட்டிக்கும் கோயில் கதவுக்கும் காவல் நிற்கும் அந்தப் பூட்டு, தம் உயிருக்கும் காவல் நின்றது என்கிறார் அவர்.

"பூட்டிவிட்டால் போதுமா?" என்று கேட்டோம்.

"போதாது ஸார்" என்று சொல்லி ஒரு சம்பவத்தைக் கூறினார். திருவிழா இரவு. ஒரு தெரு முழுதும் இருட்டு. ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஒரு நிமிஷ வேலைதானே, ஏறுங்கள் அண்ணே" என்று சிலர், "சம்பளம் வாங்கவில்லையா?" என்று சிலர். இவர் லைன் கிளியர் வரும்வரை காத்திருந்தார். மின்சாரம் நின்றதாகத் தகவல் வந்தது. ஏணியில் ஏறினார், கையை நீட்டவில்லை, முதலில் டெஸ்டரை நீட்டினார். அது எரிந்தது! வாரியத்தார் நிறுத்தியது உண்மை. ஆனால் அந்தத் தெருவில் ஒரு கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாரியத்தின் இணைப்பைப் பிரிக்கும் மாற்று ஸ்விட்ச் இல்லாமல் அதை இணைத்திருந்தபடியால், வீட்டிலிருந்த மின்சாரம் வந்த வழியே திரும்பித் தெருக் கம்பியில் ஏறிவிட்டது. கல்யாண வீட்டார் எவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு சிறு ஸ்விட்சுக்குச் செலவு செய்யாததுதான் குற்றம்.

"நிறுத்து, பூட்டு, சோதனை செய், பிறகு கம்பியை எர்த்தோடு சேர். இந்த நாலுக்குப் பிறகுதான் கை" என்றார். இதைவிடச் சுருக்கமான பாடத்தை நாம் எந்தப் புஸ்தகத்திலும் நடத்தியதில்லை.

ஊர்க் கோடியில் மேல்நிலைத் தொட்டி ஒன்று உயர்ந்து நின்றது. அதைக் காட்டி நண்பர், விளக்கைவிட மோட்டார்தான் தம்மை அதிகம் தூங்கவிடாமல் செய்தது என்றார். காரணம் நியாயமானதே. இருட்டை ஜனங்கள் ஓர் இரவு பொறுப்பார்கள். காலையில் காலிக் குடத்தைப் பொறுக்கமாட்டார்கள். ஒரு லக்ஷம் லிட்டர் தண்ணீரைப் பதினைந்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றக் கணக்குப்படி நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். குழாயிலும் மோட்டாரிலும் ஏற்படும் நஷ்டத்தைச் சேர்த்தால் அது இரண்டு மடங்குகூட ஆகும். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் மற்ற இரண்டை இழுத்துக்கொண்டு, சூடேறிக் கருகும். ஃபியூஸ் போவது அதைக் காப்பதற்காகத்தான். அடிக்கடி போகிறதே என்று அதில் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவர்கள், காவல்காரன் குரைக்கும் நாயை விரட்டிவிட்டுத் தூங்குவதைப் போன்றவர்கள் என்று நண்பர் சிரித்தார்.

பகலில் தெருவிளக்கு எரிந்தால் "பொதுப் பணம் வீணாகிறது" என்று நாம் எல்லோரும் முணுமுணுக்கிறோம். மறதியால் எரிவதும் உண்டு. ஆனால் பல சமயங்களில் எந்த விளக்கு கெட்டது என்று கண்டுபிடிக்கவே பகலில் ஏற்றிப் பார்க்கிறார்கள். முணுமுணுக்குமுன் அருகில் ஏணி சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பது நலம்.

இந்த வேலைக்குத் தைரியம் வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நண்பர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தைரியசாலிகளான சகாக்கள் இருவரைத் தாம் இழந்ததாகச் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. ஜனங்களின் அவசரத்துக்கு அஞ்சி முறையைக் கைவிடாமல், வசவைக் கேட்டுக்கொண்டு கீழே நிற்பதே அவருடைய அகராதியில் தைரியம்.

அப்படியானால் நம் போன்ற குடும்பஸ்தர்களுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. வீட்டில் ஜெனரேட்டர் வைப்பவர்கள் மாற்று ஸ்விட்ச் இல்லாமல் வைக்கலாகாது. இன்வெர்ட்டரைத் தேர்ந்தவரைக்கொண்டே இணைக்க வேண்டும். மின்கம்பத்தில் துணிக்கொடி கட்டுவதும் மாட்டைக் கட்டுவதும் ஆகாது. தெரு இருண்டால் தகவல் சொல்ல வேண்டியதுதான். ஆனால் வந்தவனை ஏணியில் துரத்தக்கூடாது. "லைன் கிளியர் வந்துவிட்டதா, தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டால், அவனுக்கு அது பெரிய பலம்.

நண்பர் தம் பழைய நோட்டுப் புஸ்தகங்களையும் நமக்குக் காட்டினார். லைன் கிளியர் வாங்கிய நேரம் ஒரு பத்தி. திருப்பிக் கொடுத்த நேரம் மற்றொரு பத்தி. பக்கம் பக்கமாகப் புரட்டினோம். இரண்டாவது பத்தியில் ஓரிடத்திலும் காலியாக இல்லை.