குரோம் உரிக்கும் பட்டறை

மிதிவண்டிச் சட்டகத்தின் குரோம் பூச்சு ஒற்றைப் படலமாகத் தோன்றினாலும், எஃகின்மேல் சில வேளைகளில் செம்பும், அதற்குமேல் ஏறத்தாழ 10 முதல் 30 மைக்ரான் வரை நிக்கலும், எல்லாவற்றுக்கும் மேலே பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாத குரோமியமும் அடுக்கடுக்காகப் படிந்த அமைப்பே அது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பளபளப்பின் பெரும்பகுதி நிக்கலுக்கு உரியது. குரோமியம் அதற்கு இளநீலச் சாயலையும் மங்காத காப்பையும் தருகிறது. காற்றுப் பட்டதும் குரோமியத்தின்மேல் உருவாகும் ஆக்சைடு படலத்தைப் பெயிண்ட் உறுதியாகப் பற்றுவதில்லை என்பதால், பழைய குரோம் சட்டகத்திற்கு வண்ணம் பூச விரும்புவோர் முதலில் அந்த மெல்லிய மேலடுக்கை அகற்றியாக வேண்டும்.

டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் தொடங்கப்பட்ட சென்னை அம்பத்தூரில், மிதிவண்டித் தொழிலோடும் பின்னர் வந்த தொழிற்பேட்டையோடும் உலோகப் பூச்சு வேலையும் வேரூன்றியது. அங்குள்ள சிறு பட்டறைகளில் பூச்சு ஏற்றுவதே முதன்மைத் தொழில்; உரிப்பது இடையிடையே வரும் ஜாப் ஒர்க். அத்தகைய பட்டறை ஒன்றில் கண்ட வேலைமுறையில் எல்லாவற்றுக்கும் மையமாக நிற்பது ரெக்டிஃபையர், அதாவது மாறுதிசை மின்சாரத்தை ஒருதிசை மின்சாரமாக மாற்றித் தரும் கருவி. பூச்சு ஏற்றும்போது பொருள் எதிர்முனையில் தொங்கும். உரிக்கும்போது அதே பொருள் காஸ்டிக் சோடாக் கரைசலில் நேர்முனையில் மாட்டப்பட, குரோமியம் கரைந்து கரைசலை மஞ்சளாக்குகிறது. கருவியில் வோல்ட்டைக் காட்டும் முள் இருந்தும், நெடுங்காலம் தொட்டியருகே நின்று பழகிய தொழிலாளி நம்புவது தம் கண்ணைத்தான்: நீலச் சாயல் விலகி நிக்கலின் மஞ்சள் சாயலுள்ள வெண்மை தெரியும் கணத்தில் அவர் கொக்கியைத் தூக்கிவிடுகிறார்.

மின்சாரமின்றி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கி எடுக்கும் வழியும் உண்டு. குரோமியம் கரையும்வரை பொங்கும் குமிழிகள், நிக்கல் வெளிப்பட்டதும் அடங்கிவிடுகின்றன. ஆனால் சட்டகம் உள்ளீடற்ற குழாய்களால் ஆனது. பெடல் அச்சுப் பொருந்தும் கூட்டின் வழியாகவும் பற்றவைப்புக்காக விடப்பட்ட சிறு துளைகளின் வழியாகவும் புகுந்த அமிலத்தைப் பலமுறை கழுவி, காரநீரால் நடுநிலைப்படுத்தி, சூடாக்கி உலர்த்தாவிட்டால், மாதங்கள் கழித்து அது இணைப்புகளில் கசிந்து புதிய பெயிண்டைக் கொப்புளிக்கச் செய்யும். அமிலம் எஃகைத் தாக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன் உயர்வலு எஃகிற்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கவும் கூடும். அலுமினியச் சட்டகத்தைக் காஸ்டிக் தொட்டியில் இறக்கினால் குரோமோடு சட்டகமும் கரையத் தொடங்கும்.

சட்டகத்தைவிடக் கூடுதலாகச் சேதப்படுவது மனித உடல். காரத் தொட்டியின் மஞ்சள் நிறம் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் அடையாளம். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1990-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. கையில் ஆறாத புண்ணும் மூக்கின் நடுச்சுவரில் துளையும் இத்தொழிலின் பழைய நோய்கள். கழிவுநீரில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் இட்டு நச்சுக் குரோமியத்தை மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றி, சுண்ணாம்பால் படியவைத்து, அந்தச் சேற்றை அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும் என்பது முறை. இதைப் புறக்கணித்தால் நேர்வது என்ன என்பதற்கு, மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மேட்டால் நிலத்தடி நீர் கெட்ட ராணிப்பேட்டை சான்று.

இத்தனை சுமைக்கும் உரிய கூலி பட்டறைக்கு வந்து சேர்வதில்லை. வண்டியின் உரிமையாளர் தொட்டியைப் பார்ப்பதே இல்லை. உரித்தல், பட்டி, பிரைமர், பெயிண்ட் அனைத்துக்கும் ஒரே தொகை பேசும் இடைத்தரகர், பளபளக்கும் மேல்பூச்சுக்கு விலை வைத்துவிட்டு, உரிக்கும் வேலையைப் பேரம் பேசிக் குறைக்கிறார். குறைந்த கூலியில் முதலில் மறைவது கையுறை, அடுத்து மறைவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. நச்சை உடலில் ஏற்றுக்கொள்பவர் ஒருவராகவும் அதற்கான பணத்தைப் பெறுபவர் வேறொருவராகவும் இருக்கும் ஏற்பாட்டைத் தொழில் என்று அழைப்பதே தகாது.

வண்ணம் பூசுவதற்கு எஃகு தெரியும்வரை உரிக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. நிக்கல் உறுதியாக ஒட்டியிருந்தால் அதை அப்படியே விட்டு, மேலிருக்கும் குரோமியத்தை மட்டும் கார்னெட் அல்லது அலுமினியம் ஆக்சைடு துகள்களை அழுத்தக் காற்றால் பாய்ச்சி அகற்றி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, எப்பாக்சி பிரைமர் அடித்தால் போதும். அங்கும் சாதாரண மணல் கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் நோயைத் தரும். பழைய வண்டிக்குப் புதுநிறம் தேடுவோர் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், குரோம் எங்கே, எம்முறையில் உரிக்கப்படுகிறது, கழிவு எங்கே போகிறது, உரிப்பவருக்கு என்ன கூலி என்று கேட்டறிந்து, அதற்குரிய விலையைக் கொடுக்க முன்வர வேண்டும்.