முக்கால் சுற்று

ஜூம் இல்லாத பிளாக் லென்ஸ் செட் வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஷார்ப்பா இருக்குமா?" என்றுதான். ஷாட் ஓடும்போது ஃபோகஸ் வளையத்தைச் சுழற்றும் ஃபோகஸ் புல்லராகவே காலம் தள்ளிவிட்ட எனக்குக் கண்ணாடியைவிட அதைச் சுமக்கிற உலோகக் குழல் முக்கியம்.

குக் எஸ்4 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஃபோகஸ் வளையம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 270 டிகிரி சுழலும். ஸ்டில் கேமரா லென்ஸ்கள் பலவற்றில் அதே தூரம் கால் சுற்றிலேயே தீர்ந்துபோகும். 75 எம்எம், டி2, நடிகை 6 அடியில் நிற்கிறார் என்று வையுங்கள். முன்னும் பின்னும் சேர்த்துத் தெளிவாக இருப்பது இரண்டரை அங்குலத்துக்கும் குறைவு. கண்ணிமை துல்லியமாக இருக்கும்போதே காது மங்கிவிடும். வசனத்தின் நடுவே அவர் அரை அடி முன்னால் சாய்ந்தால் என் கையும் கூடவே போக வேண்டும். கால் சுற்று வளையத்தில் அது மயிரிழை அசைவு, தப்பினால் ஷாட் போச்சு. முக்கால் சுற்றில் விரலுக்குப் பிடிபடுகிற தூரம். மெதுவாகவும் போகலாம், தயங்கியும் போகலாம்.

இப்போது பையன்கள் மானிட்டரைப் பார்த்து வயர்லெஸ்ஸில் ஃபோகஸ் இழுக்கிறார்கள். நன்றாகவே இழுக்கிறார்கள். ஆனால் மானிட்டரில் மங்கல் தெரியும்போது அது ஏற்கெனவே பதிவாகியிருக்கும். டேப்பும் வளையத்தில் பொறித்த அடிக்கணக்கும் அதற்கு முன்பே சொல்லிவிடும்.

ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' (1975) படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள், நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 எம்எம் எஃப்/0.7 லென்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது ஃபோகஸ் புல்லர் டக்ளஸ் மில்சம் பட்ட பாடு. நடிகர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை வைத்து, அவர்கள் எவ்வளவு முன்பின் நகர்கிறார்கள் என்று அதில் பார்த்துக்கொண்டே இழுத்தார். அந்த வெளிச்சத்தைப் புகழ்கிறவர்கள் அவரை அதிகம் நினைப்பதில்லை.

பொறித்த கோடு பொய் சொல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கோரிக்கை. பிஎல் மவுண்ட்டில் லென்ஸ் கேமராவில் அமரும் விளிம்பிலிருந்து சென்சாருக்கு 52 மில்லிமீட்டர். இதில் மில்லிமீட்டரில் நூற்றில் 2 பங்கு பிசகினாலும் 18 எம்எம் லென்ஸில் 10 அடிக் கோடு 12 அடியாகிவிடும். 100 எம்எம்மில் அதே பிசகு தெரியவே தெரியாது. அதனால்தான் டெஸ்ட்டில் நான் முதலில் மாட்டுவது வைடு லென்ஸை.

இன்னொன்று, டி எண். எஃப் என்பது குவியத்தூரத்தையும் துளையையும் வைத்துப் போட்ட கணக்கு. டி, கண்ணாடிகளைத் தாண்டி உண்மையில் வந்து சேரும் வெளிச்சம். 32-ஐக் கழற்றி 75-ஐ மாட்டினாலும் டி2 என்றால் டி2தான், லைட்மேனைக் கூப்பிட வேண்டாம்.

கேமராமேன்களுக்குச் சொல்வது ஒன்று உண்டு. லென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகும்போது உங்கள் ஃபோகஸ் புல்லரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சார்ட்டின் மூலைகளை நீங்கள் பாருங்கள். வளையத்தை அவர் சுழற்றிப் பார்க்கட்டும். அவர் வேண்டாம் என்றால் அந்த செட் வேண்டாம்.