பழைய கருவகம்

திருச்சியில் எங்கள் தமிழ்த் துறைக்கு லினக்ஸ் மாணவர் வழியாகவே வந்தது. தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோசுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. மாணவரிடம் கற்றுக்கொண்ட ஆசிரியர்கள் நாங்கள் இருவர்.

கொள்ளிடக்கரை ஊர்களில் நாங்கள் பதிவு செய்த ஒப்பாரிகள் எங்கள் கணினியில் இருந்தன. பாடிய மூதாட்டியருள் சிலர் இன்று இல்லை. பாடலுக்கிடையே அவர்கள் சொன்ன குடும்பத் துயரங்கள் பிறர் கேட்பதற்குரியன அல்ல. ஆதலால் வட்டைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டியிருந்தோம்.

கணினியின் கருவகமாகிய கெர்னல் எழுந்து கடவுச்சொல் கேட்டால்தான் பூட்டுத் திறக்கும். கெர்னலே பூட்டுக்குள் கிடந்தால் அதை எழுப்புவது யார்? ஆகவே அதற்கென 'பூட்' என்னும் சிறு பிரிவைப் பூட்டாமல் வெளியே விடுகிறார்கள். ஸ்ரீரங்கத்து வீட்டுத் திண்ணை போன்றது அது. காவலர் படுத்திருக்கும் இடம். நாங்கள் அதற்கு ஒதுக்கியது 512 மெகாபைட் மட்டுமே. ஒவ்வொரு புதுப்பித்தலும் பழைய காவலரை எழுப்பாமலே புதியவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தது. திண்ணை நிறைந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாலை மீண்டும் புதுப்பித்தோம். புதிய கெர்னலுக்கு இடம் கிடைத்தது. கடவுச்சொல் கேட்க அதற்குத் துணைநிற்கும் கோப்புக்குக் கிடைக்கவில்லை. இடமில்லை என்ற எச்சரிக்கையைப் படிக்காமலே மூடினோம். மறுபடி இயக்கியபோது 'கெர்னல் பேனிக்' என்று திரை உறைந்தது. நாங்கள் கடைசியாகப் படியெடுத்தது இரண்டு மாதங்களுக்கு முன்பு. அதன்பின் பதிவான ஒரு பாட்டியின் குரல் வேறெங்கும் இல்லை.

பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

"ஐயா, பழைய கெர்னல அழிச்சிடலையே?"

"இல்லப்பா."

"அப்ப கிரப் மெனுவுல அதையே தேர்ந்தெடுங்க."

தேர்ந்தெடுத்தோம். கடவுச்சொல் கேட்டது. ஒரு கேள்வி அவ்வளவு இனிமையாய் ஒலிக்கும் என்று அதுவரை அறியோம். முதலில் எல்லாவற்றையும் படியெடுத்தோம். பிறகு இயங்கிக்கொண்டிருந்த கெர்னலை விட்டுவிட்டு, அதனினும் பழையவற்றை நீக்கி, புதியதை முழுமையாக நிறுவினோம்.

பழையன நீங்குவதும் புதியன வருவதும் குற்றமல்ல என்று நன்னூல் வழி வகுப்பில் சொல்லி வருகிறோம். கணினி அவ்வரிசையை மாற்றிக் கற்பித்தது: புதியது முதலில் வரட்டும், அது எழுந்து நின்றதைக் கண்ட பின்னரே பழையது போகட்டும். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டாலும் இடமில்லை. எதையும் வைத்துக்கொள்ளாவிட்டாலும் வழியில்லை.

அன்றிரவு அந்தப் பாட்டியின் ஒப்பாரியை முழுவதும் கேட்டுவிட்டே உறங்கச் சென்றோம்.